அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் இருக்கும்போது திடீரென மூச்சுத் திணறினால்: முன்தயாரிப்பு முதல் காப்பீட்டு ரசீது வரை

என் அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்த 11ஆம் நாள். காலை ஆறரை மணி இருக்கும். குளியலறையிலிருந்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து கட்டிலில் உட்கார்ந்தவர், "மாடிப்படி ஏறினது போல மூச்சு வாங்குகிறது" என்றார். அவர் நடந்து வந்தது பத்தடி தூரம்.

அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து நாங்கள் ஆம்புலன்சுக்குப் போன் செய்ய 50 நிமிடங்கள் ஆயின. அந்த நேரம் எங்கே போயிற்று என்று பிறகு நானும் தம்பியும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். வாயுப்பிடிப்பாக இருக்கும் என்று முதுகைத் தடவிக்கொண்டிருந்தது கால் மணி நேரம். அறுவை சிகிச்சை செய்த மருத்துவரின் எண்ணுக்கு மாற்றி மாற்றி அழைத்தது 20 நிமிடம். டிஸ்சார்ஜ் சம்மரி எந்தப் பையில் இருக்கிறது என்று தேடியது மீதி நேரம். நுரையீரலுக்குப் போகும் இரத்தக்குழாயில் இரத்தக்கட்டி (உறைந்த இரத்தம்) அடைத்திருந்தது என்பது மருத்துவமனையில்தான் தெரிந்தது. அம்மா பிழைத்துக்கொண்டார். அந்த 50 நிமிடம் உங்கள் வீட்டில் வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மருத்துவர் அல்ல. உங்கள் மருத்துவர் உங்களுக்கென்று சொன்னது இதற்கு மாறாக இருந்தால் அவர் சொன்னதையே பின்பற்றுங்கள். நீங்கள் இதைப் படிக்கும்போதே பக்கத்தில் ஒருவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தால் மேலே படிக்காதீர்கள். உங்கள் பகுதியின் அவசர எண்ணுக்கு இப்போதே அழையுங்கள்.

1. டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே ஒரு தாள் தயார் செய்யுங்கள்

டிஸ்சார்ஜ் நாளில் எல்லோருக்கும் வீடு போய்ச் சேரும் அவசரம். செவிலியர் மருந்துகளை வேகமாக விளக்குவார், நாமும் தலையாட்டிக்கொண்டே பையைக் கட்டுவோம். அன்றைக்கு ஐந்து நிமிடம் நின்று இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்:

- இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்டா? மாத்திரையா, ஊசியா? எந்தத் தேதி வரை?
- வலிக்குக் கொடுத்திருக்கும் மருந்துகளில் மூச்சை மந்தமாக்கக் கூடியது எது? மார்ஃபின், ட்ரமடால், கோடீன், ஆக்ஸிகோடோன் போன்றவை இந்த வகை.
- இரவிலும் விடுமுறை நாளிலும் எந்த எண்ணுக்கு அழைத்தால் ஆள் எடுப்பார்?
- கிளம்பும்போது ஆக்சிஜன் அளவு, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் எவ்வளவு?

கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. பின்னால் "குறைந்திருக்கிறது" என்று சொல்வதற்கு முன்பு எவ்வளவு இருந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ள சிலருக்கு 88 முதல் 92 வரை இருந்தாலே போதும் என்று மருத்துவர் இலக்கு வைத்திருப்பார். மற்றவர்களுக்கு அதே எண் ஆபத்து.

இப்போது தாளுக்கு வருகிறேன். ஒரே ஒரு பக்கம், பெரிய எழுத்து. நோயாளியின் பெயர், வயது, எடை. என்ன அறுவை சிகிச்சை, எந்தத் தேதி, எந்தப் பக்கம், முழு மயக்கமா அல்லது முதுகுத்தண்டில் போட்ட ஊசியா. எல்லா மருந்துகளும் அவற்றின் அளவும். ஒவ்வாமை, குறிப்பாக ஸ்கேனுக்காக ஏற்றும் சாய மருந்து முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அது. சர்க்கரை, இரத்த அழுத்தம், ஆஸ்துமா, இதய நோய், உறக்கத்தில் மூச்சுத் தடை ஆகியவற்றில் எது உண்டோ அது. முன்பு எப்போதாவது காலிலோ நுரையீரலிலோ இரத்தக்கட்டி வந்திருந்தால் சிவப்பு மையில். கடைசியாகப் பார்த்த கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) அளவும் தேதியும். மருத்துவரின் பெயர், மருத்துவமனைக் கோப்பு எண், காப்பீட்டு எண், உடனே வரக்கூடிய இருவரின் தொலைபேசி எண்கள்.

மூன்று பிரதிகள் எடுங்கள். ஒன்று கட்டில் அருகே சுவரில், ஒன்று மருத்துவமனைக் கோப்பின் முதல் பக்கமாக, ஒன்று வீட்டில் உள்ள எல்லோருடைய கைபேசியிலும் படமாக. டிஸ்சார்ஜ் சம்மரியையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தம்பி சுவரில் ஒட்டிய தாளின் ஓரத்தில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான். மருந்து கொடுக்கும் ஒவ்வொரு முறையும் நேரத்தை அதிலேயே எழுதுவோம். மருத்துவமனையில் உங்களிடம் கேட்கும் முதல் சில கேள்விகளில் ஒன்று, கடைசி வேளை மருந்தை எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பது.

இன்னொரு காரியமும் இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து 24 மணி நேரமும் அவசர சிகிச்சை, சிடி ஸ்கேன், ஐசியூ மூன்றும் இயங்கும் அருகிலுள்ள மருத்துவமனை எது என்று இப்போதே விசாரித்து வையுங்கள். அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனை தூரமாக இருக்கலாம். அல்லது அங்கே இரவில் ஸ்கேன் வசதி இல்லாமல் இருக்கலாம்.

2. எது களைப்பு, எது ஆபத்து என்று பிரித்தறியுங்கள்

அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடந்தால் கொஞ்சம் இளைக்கும். சற்று உட்கார்ந்தால் அது தணிந்துவிடும், நாளுக்கு நாள் குறையும். நேற்று இல்லாத மூச்சிரைப்பு இன்று திடீரென வந்தால், அல்லது உட்கார்ந்த பிறகும் தணியாவிட்டால், அதைக் களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள்.

நான் பெரிதும் நம்பும் சோதனை பேச்சு. ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். அன்று "தண்ணீர் வேண்டுமா அம்மா?" என்று கேட்டேன். "தண்ணீர்..." என்று நிறுத்தி, தோள்பட்டை இரண்டும் மேலே ஏறி இறங்க ஒரு மூச்சு இழுத்து, "வேண்டாம்" என்றார். கழுத்துக்குக் கீழே தொண்டைக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்கியது. அதைக் கண்ணால் பார்த்தும் எனக்கு அப்போது அதன் பொருள் தெரியவில்லை.

மூச்சை எண்ணுங்கள். வயிறு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 25ஐத் தொட்டாலே உடனே உதவி தேவை. குறைவாக இருப்பதும் அதே அளவு ஆபத்து: 10க்குக் கீழே போய், எழுப்பினாலும் கண் திறக்காமல் கிடந்து, குறட்டை போலக் கரகரவென்று சத்தம் வந்தால், வலி மருந்து மூச்சை அடக்குகிறது என்று பொருள். "பாவம், இன்றுதான் நன்றாகத் தூங்குகிறார்" என்று போர்வையைப் போர்த்திவிட்டுப் போய்விடாதீர்கள். இத்தகைய வலி மருந்தோடு தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் இந்த ஆபத்து பல மடங்கு கூடும்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வேறு யோசனை வேண்டாம், ஆம்புலன்சை அழையுங்கள்:

- ஓய்வாக இருக்கும்போதே திடீர் மூச்சுத்திணறல்
- நெஞ்சுவலி, குறிப்பாக மூச்சை ஆழமாக இழுத்தால் குத்துவது
- இருமலில் இரத்தம்
- மயக்கம், குழப்பமான பேச்சு, குளிர்ந்த வியர்வை
- உதடு, நாக்கு நீலம் பூத்தல். கருத்த மேனி உள்ளவர்களுக்கு வெளியே தெரியாது. உதட்டின் உட்புறம், ஈறு, நகக்கண் ஆகியவற்றில் சாம்பல் நிறம் படர்கிறதா என்று பாருங்கள்.
- ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை வலித்து, அதோடு மூச்சிரைப்பும் சேர்வது
- கழுத்தில் அறுவை சிகிச்சை நடந்தவருக்குக் கழுத்து வீங்குவது, குரல் மாறுவது, மூச்சில் கீச்சென்ற சத்தம்
- புதிய மருந்து சாப்பிட்ட சிறிது நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, முக வீக்கம், மூச்சடைப்பு

காரணம் எதுவாக இருக்கும் என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆனால் எத்தனையாவது நாள் என்பது மருத்துவருக்குப் பெரிய துப்பு. முதல் ஓரிரு நாளில் மயக்க மருந்து, வலி மருந்து ஆகியவற்றின் விளைவும், நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிக்கொள்வதும் அதிகம். சில நாள் கழித்து, காய்ச்சலும் சளியுமாக வந்தால் நிமோனியாவைச் சந்தேகிப்பார்கள். எலும்பு முறிவுக்குப் பின் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் கொழுப்புத் துளிகள் இரத்தத்தில் கலந்து நுரையீரலைத் தாக்குவதும் உண்டு. காலில் உருவாகி நுரையீரலுக்குப் போகும் இரத்தக்கட்டி முதல் சில வாரங்களில் அதிகம் வரும், ஏறத்தாழ மூன்று மாதம் வரை அந்த ஆபத்து முழுதாகத் தீர்வதில்லை. மாரடைப்பும் இதயச் செயலிழப்பும் எந்த நாளிலும் வரலாம்.

எங்களை ஏமாற்றியவை மூன்று.

முதலாவது, இரத்தம் உறையாமல் இருக்க அம்மா மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். அதனால் கட்டி வராது என்று நம்பினோம். அந்த மருந்து வாய்ப்பைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது.

இரண்டாவது, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். அது 94 காட்டியது. "பயப்பட ஒன்றுமில்லை" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 95 அல்லது அதற்கு மேல் இயல்பு, 92 அல்லது அதற்குக் கீழே போனால் உடனே மருத்துவ உதவி, 90க்குக் கீழே அவசரம் என்பது பொதுவான கணக்கு. ஆனால் நுரையீரலில் கட்டி இருக்கும்போதே அளவு இயல்பாக இருக்கலாம். கை குளிர்ந்திருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் கருவி தவறாகக் காட்டும், கருத்த தோலில் உண்மையைவிடச் சற்று அதிகமாகக் காட்டுவதும் உண்டு. குறைந்த எண்ணைப் பார்த்தால் நம்பி ஓடுங்கள். நல்ல எண்ணைப் பார்த்து உட்கார்ந்துவிடாதீர்கள்.

மூன்றாவது, பயம். மூச்சு முட்டுகிறவருக்குப் பயம் வரத்தான் செய்யும். அதைப் பார்த்து "பயத்தால்தான் மூச்சு முட்டுகிறது" என்று பக்கத்தில் இருப்பவர் முடிவு கட்டுவது தலைகீழ்க் கணக்கு. அது வெறும் பதற்றமா என்பதை மருத்துவர் பரிசோதித்துச் சொல்லட்டும்.

3. போனில் முதல் வாக்கியமாக எதைச் சொல்வது

முதலில் ஆம்புலன்ஸ். அறுவை சிகிச்சை மருத்துவருக்கு அப்புறம். அவர் அப்போது இன்னொரு அறுவை சிகிச்சையில் இருக்கலாம், தூங்கிக்கொண்டிருக்கலாம். எடுத்தாலும் "உடனே அழைத்து வாருங்கள்" என்பதைத்தான் சொல்லப் போகிறார்.

சொல்ல வேண்டிய வாக்கியம் இது: "இவருக்கு 11 நாளுக்கு முன் முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது திடீரென மூச்சுத் திணறுகிறது." நாள் எண்ணிக்கையும் அறுவை சிகிச்சையும் முதல் மூச்சிலேயே வந்துவிட வேண்டும். வெறுமனே "அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது" என்றால் அது ஆஸ்துமா போலக் கேட்கும்.

பிறகு முகவரி, எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, அதில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா, வாசலை அடையாளம் காட்டும் ஏதேனும் ஒன்று. நினைவோடு இருக்கிறாரா, பேச முடிகிறதா, நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்பார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு நோயாளிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். அவர்கள் வைக்கச் சொல்லும் வரை நீங்கள் இணைப்பைத் துண்டிக்காதீர்கள்.

வீட்டில் இன்னொருவர் இருந்தால் கதவைத் திறந்து, வெளிவிளக்கைப் போட்டு, கீழே போய் வழிகாட்ட நிற்கட்டும். தனியாக இருந்தால் முதலில் கதவுத் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு வந்து உட்காருங்கள். நோயாளியே தனியாக இருந்தாலும் இதேதான். மயங்கினாலும் உள்ளே வர வழி இருக்க வேண்டும்.

4. ஆம்புலன்ஸ் வரும் வரை

நிமிர்த்தி உட்கார வையுங்கள், முதுகுக்குத் தலையணை கொடுங்கள். மல்லாந்து படுக்க வைத்தால் மூச்சு இன்னும் சிரமமாகும். இடுப்பு மூட்டு மாற்றியவராக இருந்தால் முன்னால் குனியச் செய்யாதீர்கள். இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தால், பின்புறம் சற்றே சாய்ந்தபடி உட்காரட்டும். கழுத்துப் பட்டை, இறுக்கமான மேல் உடை, வயிற்றுக் கச்சை ஆகியவற்றைத் தளர்த்துங்கள். எலும்பு பிசகாமல் இருக்க மருத்துவர் மாட்டிய கழுத்துப் பட்டையை மட்டும் போனில் இருப்பவரைக் கேட்காமல் தொட வேண்டாம். ஜன்னலைத் திறங்கள். சுற்றி நின்று ஆளுக்கொன்று பேசாமல், ஒருவர் மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசுங்கள்.

வீட்டில் மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆக்சிஜனோ இன்ஹேலரோ அவருக்கென்றே இருந்தால், சொல்லப்பட்ட அளவில் பயன்படுத்தலாம்.

செய்யக் கூடாதவற்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நல்ல எண்ணத்தோடு செய்யும் காரியங்களே இங்கே கெடுதலாக முடிகின்றன.

நடக்க விடாதீர்கள். குளியலறைக்குக்கூட. இந்த நிலையில் சிலருக்கு மலம் கழிக்க வேண்டும் போல உணர்வு வரலாம், எழுந்து போனால் அங்கேயே மயங்கி விழலாம். படுக்கையிலேயே ஏற்பாடு செய்யுங்கள். வீங்கிய காலைத் தேய்த்து விடாதீர்கள், எண்ணெய் போட்டு நீவாதீர்கள், கட்டி இருந்தால் அது பெயர்ந்து மேலே போகலாம். குடிக்க, சாப்பிட எதுவும் வேண்டாம். மூச்சுக்குத் தவிப்பவருக்குப் புரையேறும், அவசரமாக மயக்கம் கொடுக்க நேர்ந்தால் வயிற்றில் இருப்பதும் ஆபத்து. வலி மருந்தையோ தூக்க மாத்திரையையோ கூடுதலாகக் கொடுக்காதீர்கள். மாரடைப்போ என்று நினைத்து ஆஸ்பிரினையும், கட்டியோ என்று நினைத்து இரத்தம் உறையாமைக்கான மருந்தில் இன்னொரு வேளையையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஆறாத காயம் உள்ளே இருக்கிறது. போனில் இருப்பவர் சொன்னால் மட்டுமே.

நினைவில்லாமல், ஆனால் இயல்பாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து விடுங்கள். வலி மருந்தால் மயங்கியவருக்கு, அந்த மருந்தின் விளைவை முறிக்கும் நலாக்ஸோன் வீட்டில் கொடுத்து வைத்திருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், ஆம்புலன்சையும் அழையுங்கள். அதன் வேலை சிறிது நேரத்தில் குறைந்து மறுபடியும் மூச்சு அடங்கலாம்.

நினைவும் இல்லை, மூச்சும் இல்லை, அல்லது எப்போதோ ஒருமுறை வாய் பிளந்து விக்குவது போல இழுக்கிறார் என்றால், இதயம் நின்றிருக்கலாம். அந்த விக்கல் மூச்சு மூச்சே அல்ல. கட்டிலிலிருந்து தரையில் இறக்கி, மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். வயிற்றிலோ மார்பிலோ தையல் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். காயத்தைப் பிறகு சரி செய்துகொள்ளலாம். ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து கையை எடுக்கச் சொல்லும் வரை, முடிந்தால் ஆள் மாற்றி, தொடருங்கள்.

சொந்தக் காரில் போய்விடலாமே என்று தோன்றும். காரில் ஆக்சிஜன் இல்லை, நடுவழியில் மூச்சு நின்றால் மார்பை அழுத்துவதற்கு இடமும் இல்லை. ஆம்புலன்ஸ் வரவே வழியில்லை அல்லது மிகத் தாமதமாகும் என்று போனில் சொன்னால் மட்டும், அவர்கள் சொல்லும் மருத்துவமனைக்குப் போங்கள். ஓட்டுபவர் ஒருவர், நோயாளி பக்கத்தில் ஒருவர் என இருவர் வேண்டும்.

5. கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை

சுவரில் இருக்கும் தாள், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துகள் எல்லாம் அட்டையோடு ஒரே பையில், அடையாள அட்டை, காப்பீட்டு அட்டை, கைபேசி சார்ஜர், கண்ணாடி, காது கேட்கும் கருவி. உடம்பில் பொருத்தியிருக்கும் மூட்டு அல்லது பேஸ்மேக்கருக்கான அட்டை. உறக்க மூச்சுத் தடைக்கு இரவில் இயந்திரம் மாட்டுபவராக இருந்தால் அந்த இயந்திரம். ஏதாவது ஒரு காகிதம் கிடைக்கவில்லையா? விட்டுவிட்டுக் கிளம்புங்கள். காகிதம் பின்னால் வரலாம்.

6. அவசர சிகிச்சைப் பிரிவில் நடப்பவை

வாசலில் போனில் சொன்ன அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லுங்கள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளுபவரிடம், செவிலியரிடம், மருத்துவரிடம் என்று மூன்று முறை சொன்னாலும் தப்பில்லை. அம்மாவின் இரவு உடை காலை மறைத்திருந்தது. முழங்காலில் இருந்த கட்டு யார் கண்ணிலும் படவில்லை. பெயர்ப் பதிவு மேசையில் "மூச்சு வாங்குதல்" என்று மட்டும் எழுதிக்கொண்டு காத்திருக்கச் சொன்னார்கள். தம்பி அந்தத் தாளை நீட்டி, தேதியின் மேல் விரலை வைத்துக் காட்டிய பிறகுதான் உள்ளே எடுத்துச் சென்றார்கள்.

உள்ளே முதலில் ஆக்சிஜன், கையில் ஊசிக்குழாய், ஈசிஜி, இரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே. இவை பெரும்பாலும் கட்டிலிலேயே நடந்துவிடும். மணிக்கட்டில் தமனி இரத்தம் எடுப்பது மற்ற ஊசிகளைவிட வலிக்கும், நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். இரத்தக்கட்டி எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது.

இரத்தக்கட்டி இருக்கலாமா என்று பார்க்கும் டி-டைமர் என்ற இரத்தப் பரிசோதனை குறித்து ஒரு குழப்பம் வரும். அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு அது பெரும்பாலும் கூடித்தான் இருக்கும், கூடியிருப்பதை வைத்து மட்டும் கட்டி என்று முடிவு செய்ய இயலாது. அதனால் நேராக நுரையீரல் இரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஸ்கேனுக்கு அனுப்பலாம். அதற்குச் சாய மருந்து ஏற்ற வேண்டும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது, சாயத்துக்கு ஒவ்வாமை உண்டா, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா என்று கேட்பார்கள். பெண்களிடம் கர்ப்பமா என்றும் கேட்பார்கள். தாளில் எழுதிய கிரியேட்டினின் இங்கேதான் உதவும். ஸ்கேன் சில நிமிட வேலை. அதற்கு முன்னும் பின்னும் காத்திருப்பதுதான் நீளும். சாயம் ஏற்ற முடியாதவருக்கு வேறு வகை நுரையீரல் ஸ்கேனோ, காலின் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனோ, இதயத்துக்கு எக்கோ ஸ்கேனோ எடுப்பார்கள்.

கட்டிதான் என்ற சந்தேகம் பலமாக இருந்தால் ஸ்கேன் முடிவுக்கு முன்பே, இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் அல்லது எனாக்ஸபாரின் ஊசியைத் தொடங்குவது உண்டு. அம்மாவுக்கு அப்படித்தான் செய்தார்கள். இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து என்றால் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பற்றிப் பேசுவார்கள். சமீபத்தில், குறிப்பாக மூன்று வாரத்துக்குள், பெரிய அறுவை சிகிச்சை நடந்தவருக்கு அது கடுமையான இரத்தக்கசிவை உண்டாக்கலாம் என்பதால் குழாய் வழியாகக் கட்டியை எடுப்பது போன்ற வேறு வழிகளையும் யோசிப்பார்கள். இந்த இடத்தில் உங்களிடம் கையெழுத்து கேட்பார்கள். கேட்டுக்கொள்ளுங்கள்: இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? செய்தால் எங்கே இரத்தம் கசியலாம்? அறுவை சிகிச்சை செய்தவரிடம் பேசிவிட்டீர்களா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். காயத்தின் உள்நிலை அவருக்குத்தான் தெரியும். அவருடைய எண்ணைக் கொடுத்து, மருத்துவருக்கு மருத்துவர் பேசச் சொல்லுங்கள். நடுவில் நீங்கள் தூது போனால் செய்தி திரிந்துவிடும்.

ஒரு சிறு நோட்டில் நேரங்களைக் குறித்து வையுங்கள்: எப்போது வந்தோம், எந்த ஊசி எப்போது போட்டார்கள், யார் என்ன சொன்னார்கள். பணி மாறும்போது புதிதாக வரும் மருத்துவருக்கு நீங்கள் தடுமாறாமல் பதில் சொல்லலாம். காப்பீட்டுக்கும் இதே நோட்டு பயன்படும்.

7. பணம், காப்பீடு, காகிதங்கள்

இருவர் இருந்தால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் நோயாளியை விட்டு நகரக் கூடாது, மற்றவர் கவுண்டரைப் பார்த்துக்கொள்ளட்டும். முன்பணம் கட்டினால்தான் சிகிச்சை என்று யாராவது சொன்னால் பொறுப்பு மருத்துவரைத் தேடிப் போய் "இவர் நிலை அவசரமா?" என்று நேராகக் கேளுங்கள். உயிர் காக்கும் முதல் சிகிச்சையைப் பணத்துக்காக நிறுத்தி வைக்கக் கூடாது.

செலவு எங்கே ஏறும் என்பதைத் தெரிந்துகொண்டால் திகைக்காமல் இருக்கலாம். பெரிய தொகை மூன்று இடத்தில்: சிடி ஸ்கேன், ஐசியூ நாள் கட்டணம், கட்டியைக் கரைப்பது அல்லது எடுப்பது போன்ற சிறப்புச் சிகிச்சை. ஐசியூவில் ஒரு நாள் என்பது எந்த மணியிலிருந்து எந்த மணி வரை என்று முதல் நாளே கேளுங்கள். சில மணி நேர வித்தியாசத்தில் இன்னொரு நாள் சேர்ந்துவிடும். அன்றாடம் இடைக்காலக் கணக்குச் சீட்டு வாங்குங்கள். கடைசி நாளில் மொத்தமாகப் பார்த்தால் போடாத ஊசியையும் எடுக்காத பரிசோதனையையும் கண்டுபிடிக்க முடியாது.

காப்பீடு இருந்தால் அன்றைக்கே தெரிவியுங்கள். அவசர அனுமதிக்கு இத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் கெடு இருக்கும். போனில் பேசியவரின் பெயர், நேரம், அவர் கொடுத்த பதிவு எண் ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். முதல் அறுவை சிகிச்சைக்கு ஏற்கெனவே எவ்வளவு செலவழிந்தது, மிச்சம் எவ்வளவு, இந்த அனுமதி அதன் தொடர்ச்சியா அல்லது புதிய கோரிக்கையா என்று கேளுங்கள். அறை வாடகைக்கு உச்சவரம்பு உண்டா என்பதையும்.

நாங்கள் சிக்கிக்கொண்டது ஒரு வாக்கியத்தில். டிஸ்சார்ஜ் சம்மரியில் "மூச்சிரைப்புக்காக அனுமதி" என்று மட்டும் இருந்தது. அறுவை சிகிச்சைத் தேதியும் இல்லை, அவசரமாக வந்தோம் என்பதும் இல்லை. பழைய நுரையீரல் நோயா என்று கேட்டு விண்ணப்பம் திரும்பி வந்தது. திருத்தச் சீட்டு வாங்க இரண்டு வாரம் அலைந்தோம். வீட்டுக்குக் கிளம்பும் முன்பே அந்தக் காகிதத்தை வரி வரியாகப் படியுங்கள். என்ன நோய், எப்போது நடந்த அறுவை சிகிச்சைக்குப் பின், எந்த நேரத்தில் அவசரப் பிரிவுக்கு வந்தார், எந்தப் பரிசோதனையில் உறுதியானது என நான்கும் இருக்க வேண்டும். பெயரின் எழுத்துகள் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும்.

விவரமான பில், மருந்துச் சீட்டுகள், ஒவ்வொரு சீட்டுக்கும் உரிய ரசீது, ஆம்புலன்ஸ் ரசீது, பரிசோதனை அறிக்கைகள் ஆகியவற்றின் அசலைக் கேட்டு வாங்குங்கள். ஸ்கேனின் அறிக்கை மட்டும் போதாது, படங்கள் உள்ள குறுவட்டையும் வாங்கி வையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தால் ஒப்பிட அது வேண்டும்.

8. திரும்ப வீட்டுக்கு வந்த பிறகு

இரத்தக்கட்டிக்கான மருந்து, அறுவை சிகிச்சையால் வந்த கட்டி என்றால், பொதுவாகக் குறைந்தது மூன்று மாதம். அபிக்ஸபான், ரிவராக்ஸபான் போன்ற மாத்திரைகளுக்குத் தொடக்க நாட்களில் ஒரு அளவு, பிறகு வேறு அளவு. அளவு மாறும் தேதியை நாட்காட்டியில் வட்டமிடுங்கள். வார்ஃபரின் என்றால் இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை அடிக்கடி எடுக்க வேண்டும், வழக்கமான இலக்கு 2 முதல் 3. ஒரு வேளை மறந்துவிட்டால் என்ன செய்வது என்பது மருந்துக்கு மருந்து மாறும், முன்கூட்டியே கேட்டுத் தாளில் எழுதுங்கள். அட்டை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்தது வாங்கிவிடுங்கள். மூச்சு சரியாகிவிட்டதே என்று நடுவில் நிறுத்துவது இதிலுள்ள பெரிய ஆபத்து.

இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் இரத்தக்கசிவைக் கூட்டும். பழைய அட்டை வீட்டில் கிடந்தாலும் தொடாதீர்கள். கருப்பு மலம், சிறுநீரில் இரத்தம், நிற்காத மூக்கு இரத்தம், கடுமையான தலைவலி, கீழே விழுந்து தலையில் அடி ஆகியவை மறுபடியும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டிய காரணங்கள். பல் மருத்துவரிடமும் இந்த மருந்தைச் சொல்லிவிடுங்கள்.

நுரையீரலுக்கு வேலை கொடுங்கள். பந்து ஏறும் மூச்சுப் பயிற்சிக் கருவி கொடுத்திருந்தால் விழித்திருக்கும்போது மணிக்கு 10 முறை. அம்மா ஒரு சிறு தலையணையை மடியில் வைத்தபடியே இதைச் செய்வார். அவருக்கு வயிற்றில் காயமில்லை, பக்கத்துக் கட்டில் அம்மாளைப் பார்த்துப் பழகியது. வயிற்றில் தையல் உள்ளவர்கள் அப்படித் தலையணையைக் காயத்தின் மேல் அழுத்திக்கொண்டு இருமினால் வலி குறையும், சளியும் வெளியேறும். மருத்துவர் அனுமதித்த அளவு நடை, உட்கார்ந்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது ஆகியவற்றை விடாதீர்கள்.

மூன்றாம் மாதச் சந்திப்பைத் தவறவிடாதீர்கள். அப்போதும் படி ஏறினால் முன்பைவிட மூச்சு வாங்குகிறது என்றால் அதைச் சொல்லிக் கேளுங்கள். சிலருக்குக் கட்டி முழுதாகக் கரையாமல் நுரையீரல் இரத்தக்குழாய்களில் அழுத்தத்தைக் கூட்டிவிடும், அதற்குத் தனிப் பரிசோதனையும் சிகிச்சையும் உண்டு.

மருந்து மாறும் ஒவ்வொரு முறையும் சுவரில் உள்ள தாளைப் புதிதாக எழுதி, மூன்று பிரதிகளையும் மாற்றி, பழையவற்றைக் கிழித்துவிடுங்கள். கைபேசிப் படங்களையும் சேர்த்து. எங்கள் வீட்டில் கோப்பில் இருந்த பிரதியை மாற்ற மறந்துவிட்டோம். அடுத்த சந்திப்பில் தம்பி பழைய அளவைத்தான் மருத்துவரிடம் வாசித்தான். அம்மாதான் குறுக்கிட்டு, "அது போன மாத அளவு" என்றார்.